பீட்டிலுக்கு ரூஃப் லைனிங் மாற்றினேன்: சேஸிஸ் நம்பரை விட்டுவிடாதீர்கள்

பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்கு ரூஃப் லைனிங் (கூரையின் உட்புறத்தை மூடும் விரிப்பு) வாங்கப் போகிறீர்களா? பதிவுப் பத்திரத்தில் இருக்கும் வருடத்தை நம்பி ஆர்டர் போடாதீர்கள். விற்பவர் கேட்டாலும் அந்த வருடத்தை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். பின் சீட்டைத் தூக்குங்கள், தரையின் நடுவில் நீளமாக ஓடும் மேட்டில், அதாவது டனலில், சேஸிஸ் நம்பர் அடித்திருக்கும். அதைப் பார்த்து எழுதி, போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்குக் கடைசியில் பணம் போகாமல் காப்பாற்றியது அந்த ஒரு நம்பர்தான்.

விஷயம் இதுதான். ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் மாடல் வருடம் ஆகஸ்டில் தொடங்கும். 1964 ஆகஸ்டில் தயாரிப்புக்கு வந்த 1965 மாடலில் எல்லா ஜன்னல் கண்ணாடிகளையும் பெரிதாக்கினார்கள். கண்ணாடி பெரிதானதும் அவற்றுக்கு இடையே கூரையைத் தாங்கும் தூண்கள் ஒல்லியாகிவிட்டன. பீட்டிலின் லைனிங் கூரையோடு நிற்பதில்லை, பின்பக்கம் இறங்கித் தூண்களையும் மூடும். அதனால் 1964 மாடல் லைனிங்கும் 1965 மாடல் லைனிங்கும் வேறு வேறு. என் வண்டி 1964 மாடல். ஆனால் விற்பனையாகிப் பதிவானது 1965இல். காகிதத்தில் 1965 என்றுதான் இருக்கும். இப்படி நிறைய வண்டிகள் உண்டு.

நம்பரைப் பார்த்தால் சந்தேகமே வராது. 1965 மாடலுக்கு ஒன்பது இலக்கம், அதில் மூன்றாவது இலக்கம் மாடல் வருடத்தின் கடைசி எண். 115 என்று ஆரம்பித்தால் 1965 மாடல் செடான். அதற்கு முந்தைய 1964 மாடலுக்கு ஏழே இலக்கம். என்னுடையது ஏழு இலக்கம்.

இதையெல்லாம் ஆர்டர் போடும்போதே மெயிலில் எழுதினேன். சேஸிஸ் நம்பர், சிறிய கண்ணாடி, சன்ரூஃப் இல்லை, நுண்துளை போட்ட வெள்ளை வினைல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருந்தேன். (1963 மாடலில் இருந்துதான் வினைல் என்கிற பிளாஸ்டிக் விரிப்பு. அதற்கு முந்தைய வண்டி என்றால் துணி லைனிங் கேளுங்கள்.) "சரியானதை அனுப்புகிறோம்" என்று பதில் வந்தது. பார்சலும் வந்தது. பிரித்துப் பார்த்தால் நாலாக எட்டாக மடித்துத் திணித்திருக்கிறார்கள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் கத்தி வைத்துக் கீறியது போல வெள்ளைக் கோடு. வினைலை உருளையில் சுற்றித்தான் அனுப்ப வேண்டும். நீங்கள் ஆர்டர் போடும்போது இதை எழுதியே கேளுங்கள்.

மடிப்பையாவது வெயிலில் போட்டுச் சரிசெய்யலாம். அளவை என்ன செய்வது? கழற்றி வைத்திருந்த பழைய லைனிங்கைத் தரையில் சுத்தமான போர்வை விரித்து அதன்மேல் பரப்பினேன். புதியதை அதன்மேல் வைத்தேன். நடுக்கோடு சரியாக இருந்தது, கம்பி செருகும் உறைகளின் இடைவெளியும் ஒத்துப்போனது. ஆனால் பின்தூண்களை மூட வேண்டிய இரண்டு சிறகுகளும் பழையதைவிடக் குறுகல். ஒட்டுவதற்கு விளிம்பு மடிக்கவே வினைல் மிஞ்சாது. பெரிய கண்ணாடி வண்டிக்குத் தைத்தது என்பது பார்த்ததும் தெரிந்தது.

போன் செய்தேன். எடுத்தவர் என் ஆர்டரைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"இது 67 வரைக்கும் எல்லா வண்டிக்கும் சேரும், இழுத்து ஒட்டினால் சரியாகிவிடும்" என்றார்.

"இழுத்தால் வினைல் நீளும், அகலம் எங்கிருந்து வரும்?" என்று கேட்டேன்.

"பார்சலைப் பிரித்துவிட்டீர்களே, பிரித்த லைனிங்கைத் திரும்ப எடுப்பதில்லை" என்றார்.

பிரிக்காமல் எப்படி அளவு பார்ப்பது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லை. மறுபடி பேசியபோது வேறொருவர் எடுத்தார், அவரும் அதையே சொன்னார். உங்கள் பதிவில் 1965 என்று இருக்கிறது, நாங்கள் அனுப்பியதும் 1965, எங்கள் பக்கம் தவறு இல்லை என்பதுதான் வாதம். நான் எழுதிக் கொடுத்த நம்பரை யாருமே படிக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அந்தக் கோபம் இன்னும் எனக்கு முழுசாக அடங்கவில்லை.

அதன்பிறகு போனில் பேசுவதை நிறுத்திவிட்டேன். பழைய லைனிங், புது லைனிங் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, பக்கத்தில் அளவு டேப் விரித்து, வித்தியாசம் தெரியும்படி போட்டோ எடுத்தேன். டனலில் அடித்த நம்பரின் போட்டோ, ஆர்டரின்போது அதே நம்பரை நான் எழுதிய மெயில், "சரியானதை அனுப்புகிறோம்" என்ற அவர்களுடைய பதில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மெயிலாக அனுப்பினேன். புது லைனிங்கில் கத்தரி படவில்லை, பசை படவில்லை என்பதையும் போட்டோவோடு சொன்னேன். மாற்றித் தர ஒப்புக்கொண்டார்கள். திருப்பி அனுப்பும் செலவையும் அவர்களே ஏற்றார்கள். இரண்டாவது லைனிங் உருளையில் சுற்றி வந்தது, சிறகுகளும் பழையதோடு அச்சாகப் பொருந்தின. அன்றைக்கு எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

அதனால் பழைய லைனிங்கை வேலை முடியும் வரை தூக்கி எறியாதீர்கள். கிழிந்து தொங்கினாலும் அதுதான் உங்களுக்கு அளவு, சாட்சி இரண்டும். அதைக் கழற்றும்போதும் கிழித்து இழுக்காமல், விளிம்பில் பசையை மெதுவாக விடுவித்து முழுசாக எடுங்கள். முகமூடி போட்டுக்கொள்ளுங்கள், அறுபது வருடத்துத் திணிப்புத் தூசி கொட்டும். முதல் வேலையாக பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். அதுவும் பின் சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது. உள்விளக்கு ஒயரில் சாவி போடாமலே மின்சாரம் இருக்கும், பக்கத்தில் நீங்கள் ஆவி பறக்கும் பசையை வைத்து வேலை செய்யப் போகிறீர்கள்.

லைனிங்கைத் தாங்கும் வளைகம்பிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வளைவு. கழற்றும்போதே முன்னிருந்து பின்னாக எண் எழுதி டேப் ஒட்டுங்கள். எந்தக் கம்பி எந்தத் துளையில் இருந்தது, எந்தப் பக்கம் இடது என்பதையும் குறியுங்கள். துருவைத் தேய்த்து பெயின்ட் அடிக்காமல் திரும்பச் செருகினால், துரு வெள்ளை வினைலில் பழுப்புக் கோடாக இறங்கும். கூரைத் தகட்டை நன்றாகத் துடைத்து, துரு இருந்த இடத்தில் ப்ரைமர் அடித்தேன். அதில் சிக்கல் எதுவும் இல்லை.

கண்ணாடி கழற்றும் கட்டத்தில்தான் அடுத்த தலைவலி. பீட்டிலில் லைனிங்கின் விளிம்பு கண்ணாடி ரப்பருக்கு அடியில் போகிறது. கண்ணாடியை எடுக்காமல் ஓரத்தில் செருகிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், நான்கு மாதத்தில் சுருங்கி வெளியே வந்து நிற்கும். முன் கண்ணாடி, பின் கண்ணாடி, பின்பக்கச் சிறு கண்ணாடிகள் எல்லாம் வெளியே வந்தாக வேண்டும்.

இதற்கென்று அழைத்த ஆள் அனுபவசாலி என்றார்கள். வந்தவர் ஸ்க்ரூ டிரைவரை ரப்பருக்குள் விட்டு நெம்ப ஆரம்பித்தார். ரப்பரில் பதித்திருக்கும் மெல்லிய அலுமினியப் பட்டை கண்ணெதிரே மடங்கியது. அந்தப் பட்டை ஒருமுறை மடங்கினால் அவ்வளவுதான், எவ்வளவு நீவினாலும் தழும்பு போகாது. நிறுத்தச் சொன்னேன். "பழைய ரப்பரை மிச்சப்படுத்தத்தானே நெம்புகிறேன்" என்றார். கல்லாக இறுகிப்போன ரப்பரை மிச்சப்படுத்தி என்ன செய்ய? பட்டையை முதலில் கையால் மெதுவாக உருவி எடுத்து, ரப்பரின் வெளி உதட்டை பிளேடால் அறுத்து, உள்ளே இருந்து உள்ளங்கையால் தள்ளினால் கண்ணாடி தானாக வருகிறது. மற்ற கண்ணாடிகளை நானும் என் மச்சானும் அப்படித்தான் எடுத்தோம். ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே பிடித்துக்கொள்ள. ஒரு கீறல் விழவில்லை.

புது ரப்பர் வாங்கும்போதும் அதே எச்சரிக்கை: 1964 மாடல் கண்ணாடிக்கும் 1965 மாடல் கண்ணாடிக்கும் ரப்பர் வேறு. அலுமினியப் பட்டைக்கான பள்ளம் இருக்கிற ரப்பர், இல்லாத ரப்பர் என்றும் இரண்டு வகை உண்டு. இம்முறை முதல் வரியிலேயே சேஸிஸ் நம்பரை எழுதி, அதைத் திருப்பி எழுதி உறுதிப்படுத்தச் சொன்னேன். சரியாக வந்தது.

பசை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மலிவான ஸ்ப்ரே பசை வெயிலில் நிற்கும் வண்டியின் கூரைச் சூட்டில் இளகிவிடும். சூடு தாங்கும் கான்டாக்ட் பசை வாங்குங்கள். தகட்டிலும் வினைலிலும் இரண்டு பக்கமும் பிரஷால் மெல்லிசாகத் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்தபிறகு சேர்க்க வேண்டும். சேர்த்துவிட்டால் நகர்த்துவது கஷ்டம். அதனால் பசையே போடாமல் முதலில் முழு லைனிங்கையும் கிளிப்களால் விளிம்பில் பிடித்துப் பாருங்கள். கூரையின் முன்னும் பின்னும் நடுப்புள்ளியைக் குறியுங்கள், லைனிங்கிலும் குறியுங்கள். இந்த இரண்டு குறியும் விலகினால் மேற்கொண்டு எதுவுமே நேராக வராது.

நாங்கள் கம்பிகளைச் செருகி நிறுத்தியபின் பின் கண்ணாடி விளிம்பில் முதலில் ஒட்டினோம். அது நன்றாகப் பிடித்ததும் முன்பக்கம் இழுத்து ஒட்டினோம். பக்கங்கள் கடைசியில். வெயில் நேரத்தில் வேலை செய்தது நல்லதாகப் போயிற்று, சூடான வினைல் இழுத்த இழுப்புக்கு வருகிறது. இழுத்ததும் பக்கவாட்டில் கம்பி உறையின் முனையில் சுருக்கம் விழும். காரணம், உறை விளிம்பு வரை தைத்திருப்பதால் அது வினைலைக் கம்பியோடு கட்டிப் பிடிக்கிறது. உறையை மட்டும் முனையில் இருந்து கொஞ்சம் வெட்டி, இழுத்துப் பார்த்து, பிறகு இன்னும் கொஞ்சம் வெட்டுங்கள். ஒரேயடியாக வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது, கம்பி தெரியும்.

பின்தூண் மூலைதான் பொறுமையைச் சோதிக்கும் இடம். இரண்டு வளைவுகள் சந்திக்கிற அந்த மூலையில் எப்படி இழுத்தாலும் ஒரு மடிப்பு மிஞ்சியது. ஒட்டியதை விடுவித்து, மறுபடி இழுத்து, மடிப்பைச் சின்னச் சின்னதாகப் பிரித்து விளிம்புக்குக் கொண்டுபோய், மிச்சத்தைக் கண்ணாடி ரப்பர் மறைக்கும் இடத்தில் ஒளித்தோம். மிஞ்சிய சின்ன அலைகளுக்கு ஹேர் டிரையர் போதும். ஹீட் கன் பிடித்தால் தூரத்தில் வைத்து ஆட்டிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் நின்றால் வினைல் பளபளத்து உருகும். பசை ஈரமாக இருக்கும்போது சூட்டைப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள், அதன் ஆவி தீப்பிடிக்கும்.

உள்விளக்கு, வெயில் மறைப்பான், கைப்பிடிப் பட்டை இவற்றின் துளைகளை எல்லாம் ஒட்டி முடித்தபிறகுதான் வெட்ட வேண்டும். பழைய ஸ்க்ரூக்களை அந்தந்தத் துளையில் திருகி விட்டு லைனிங்கை மாட்டினேன். தடவினால் ஸ்க்ரூவின் புடைப்பு கைக்குத் தெரியும், அந்த இடத்தில் ஊசியால் குத்தி, சின்னதாகப் பெருக்கல் குறி வெட்டினால் போதும். விளக்கின் ஒயரை முதலிலேயே டேப் ஒட்டித் துளைக்கு வெளியே இழுத்துக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

பசை நன்றாக உலர்ந்தபின் கண்ணாடி. விளிம்பைத் தாண்டி மடித்த வினைல் ரப்பரின் வெளி உதட்டுக்கு வெளியே எட்டிப் பார்க்கக் கூடாது, எட்டினால் அது வழியாக மழைநீர் உள்ளே வரும். அளவாக வெட்டிவிட்டு, ரப்பரைக் கண்ணாடியில் மாட்டி, அதன் பள்ளத்தில் சுற்றிலும் கயிறு விட்டு, சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து மச்சான் தட்ட, உள்ளிருந்து நான் கயிற்றை இழுத்தேன். பட்டையை மடக்கிய ஆளை இதற்குத் திரும்பக் கூப்பிடவில்லை. முன் கண்ணாடி முதல் இழுப்பிலேயே உட்கார்ந்தது. பட்டையை ரப்பர் வெளியே இருக்கும்போதே மாட்டிவிடுங்கள், பிறகு மாட்டுவது பெரும்பாடு.

கண்ணாடி போட்டதும் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துப் பார்த்தோம், எங்கும் ஒழுகவில்லை. மடங்கிய அலுமினியப் பட்டைக்குப் பதில் புதியது இன்னும் கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன். லைனிங் விற்றவர்களின் விவரப் பட்டியலில் இப்போதும் "67 வரை எல்லாவற்றுக்கும்" என்றே இருக்கிறது. சிறிய கண்ணாடி வண்டி வைத்திருப்பவர்கள் அதைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள். ஆர்டருக்கு முன்னால் பின்தூண் சிறகின் அகலத்தை அளந்து சொல்லச் சொல்லுங்கள். அளந்து சொல்ல மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.