அப்பாவின் துப்பாக்கியை ஒப்படைக்கப் பட்ட பாடு

ரசீது ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. இருந்தாலும் மனசு இன்னும் ஆறவில்லை.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் வயலில் பன்றி தொல்லைக்காக அப்பா லைசென்ஸ் வாங்கி வைத்திருந்த 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி அது. லைசென்ஸ்காரர் காலமாகிவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்று 1959 ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது.

பீரோவிலிருந்து எடுத்தவர் சித்தப்பா. "அதுல ஒண்ணும் கெடையாதுல, எலெக்‌ஷனுக்கு ஸ்டேஷன்ல வச்சு எடுத்ததுக்கு அப்புறம் அண்ணன் தொடவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே திரும்பினார். குழல் என் மகன் நெஞ்சுக்கு நேராக நின்றது. பிடுங்கி, குழலைத் தரைப்பக்கம் தாழ்த்தி, மடக்கித் திறந்து பார்த்தேன். இடது குழலில் தோட்டா.

"சேஃப்டி போட்டுத்தாம்ல இருக்கு" என்றார். பெரும்பாலான இரட்டைக்குழல்களில் அது விசையை மட்டுமே தடுக்கும். கீழே விழுந்த அதிர்ச்சியில் வெடிக்க வாய்ப்பு உண்டு. வெடித்திருந்தால், காலி என்று நினைத்தேன் என்பது ஒரு பதிலா? துப்பாக்கி யார் பெயரில் இருந்தாலும் கையில் பிடித்தவர் தலையில்தான் விடியும். கவனக்குறைவால் ஓர் உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. பிள்ளை போனால் போனதுதான்.

ஸ்டேஷனில் ரைட்டர், "வாரிசு சர்டிபிகேட் இல்லாம வாங்க முடியாது, எடுத்துட்டுப் போங்க" என்றார். வாரிசுச் சான்று லைசென்ஸை நம் பெயருக்குக் கேட்கும்போது தேவைப்படுவது. ஒப்படைக்க வருகிறவனைத் துப்பாக்கியோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்புவது எந்த ஊர் நியாயம்? எழுத்தில் மனு எழுதி, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து கேளுங்கள். நான் கேட்டதும் விஷயம் இன்ஸ்பெக்டரிடம் போனது. லைசென்ஸ் புத்தகத்தையும் இறப்புச் சான்றையும் பார்த்துவிட்டு அவர் உடனே வாங்கச் சொன்னார்.

வாங்க வந்த காவலர் விசையில் விரலை வைத்தே தூக்கினார். "ஐயா, மடக்கிப் பாத்துட்டு வாங்குங்க" என்றேன். முறைத்தார், ஆனாலும் திறந்து பார்த்தார். ரசீதில் துப்பாக்கி எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, இரண்டு குழலும் காலி என்ற வரி மூன்றையும் எழுத வைத்த பிறகுதான் கிளம்பினேன். எண்ணிக்கையை லைசென்ஸ் புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரிசாக லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். அக்காவும் தம்பியும் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தந்துவிட்டார்கள். 2016 ஆயுத விதிகளில் பாதுகாப்புப் பயிற்சியும் உண்டு. அம்மா மட்டும் அந்தச் சனியன் வீட்டுக்கே வேண்டாம் என்கிறார். அவர் சம்மதிக்கும்வரை ஸ்டேஷனிலேயே இருக்கட்டும்.