தோராஜாவில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை

வாட்ஸ்அப்பில் ஒரு படம் சுற்றிக்கொண்டே இருக்கும், உங்களுக்கும் வந்திருக்கலாம். உலர்ந்துபோன சடலம் ஒன்று கோட்டும் கூலிங் கிளாசும் போட்டுக்கொண்டு நிற்கும், கீழே 'பிணங்கள் நடக்கும் கிராமம்' என்று எழுதியிருக்கும். எந்தப் பிணமும் நடக்கவில்லை சாமி, நன்றாகப் பாருங்கள், பக்கத்தில் சொந்தக்காரர்கள் தாங்கிப் பிடித்திருப்பார்கள்.

இடம் இந்தோனேசியாவில் தெற்கு சுலவேசியின் தோராஜா மலைப்பகுதி. படத்தில் இருப்பது 'மானெனே' என்ற சடங்கு. சில வருடங்களுக்கு ஒருமுறை, பெரும்பாலும் நெல் அறுவடை முடிந்த ஆகஸ்ட் வாக்கில், கல்லறையைத் திறந்து முன்னோர்களை வெளியே எடுத்து, தூசி தட்டி, புதுத்துணி உடுத்தி, கூட நின்று போட்டோவும் எடுத்துக்கொண்டு திரும்ப வைக்கிறார்கள். தோராஜா முழுக்க இது கிடையாது, வடக்கே சில ஊர்களில்தான் இன்னும் செய்கிறார்கள்.

ஆனால் என்னைப் பிடித்துக்கொண்டது இதுவல்ல, புதைப்பதற்கு முன்னால் நடப்பது. ஒருவர் இறந்துவிட்டால் உடலை மாதக்கணக்கில், சில வீடுகளில் வருடக்கணக்கில், வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். கெடாமலிருக்க இப்போதெல்லாம் ஃபார்மலின். 'செத்தவர்' என்று யாரும் சொல்வதில்லை, 'தோ மக்குலா' என்கிறார்கள், உடம்பு சரியில்லாதவர் என்று அர்த்தம். சாப்பாடு வைப்பார்கள், காபி வைப்பார்கள், பழக்கம் இருந்தவருக்கு சிகரெட்டும் உண்டு. பேச்சுக் கொடுப்பார்கள். ஊரறிய 'ரம்பு சோலோ' என்ற ஈமச்சடங்கு நடந்து, அதில் முதல் எருமை வெட்டுப்பட்ட பிறகுதான் அவர் இறந்ததாகக் கணக்கு.

இத்தனை நாள் எதற்கு என்றால், பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், காசு சேர வேண்டாமா. இறந்தவரை 'புயா' என்ற மறுவுலகத்துக்குக் கொண்டுபோவது எருமை, அது அந்தக் காலத்து நம்பிக்கை. பெரிய குடும்பம் என்றால் 24, அதற்கு மேலும் வெட்டுவார்கள், பன்றிகள் தனி. ரான்தெபாவோ பக்கத்தில் போலு சந்தையில் எருமை விற்பதைப் பற்றிப் படித்தபோது கொஞ்ச நேரம் நம்ப முடியவில்லை, கறுப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும் நல்ல கிடா ஒன்று ஒரு காரின் விலைக்குப் போகிறது. அதை உழவுக்கெல்லாம் விடுவதில்லை, குளிப்பாட்டிப் புல் போட்டு வளர்ப்பதோடு சரி. வெட்டிய பிறகு கொம்புகள் 'தொங்கோனான்' என்ற குடும்ப வீட்டின் முன்தூணில் வரிசையாக ஏறும், தெருவில் போகிறவர் எண்ணிப் பார்த்தாலே குடும்பத்தின் உயரம் தெரிந்துவிடும்.

எல்லா எருமையும் குடும்பம் வாங்கியதும் இல்லை. சொந்தக்காரர்கள் ஓட்டிக்கொண்டு வருவதும் உண்டு, அது அப்படியே மொய்தான். யார் எதைக் கொண்டுவந்தார், கொம்பு எவ்வளவு நீளம் என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள், அவர் வீட்டில் சாவு விழும்போது அதற்கு ஈடாக இவர்கள் கொண்டுபோக வேண்டும். அப்பா வாங்கிய எருமைக்கடன் பிள்ளை தலையில் விழும். போதாததற்கு, அப்பாவின் சாவுக்கு யார் எத்தனை எருமை வெட்டினார்கள் என்பதை வைத்து நிலம் பிரிக்கும் வழக்கமும் இருக்கிறது. வசதி இல்லாத பிள்ளைக்கு இது அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது, என்னதான் பாரம்பரியம் என்று சொன்னாலும்.

இத்தனைக்கும் தோராஜாக்களில் பெரும்பாலோர் இன்று கிறிஸ்தவர்கள். டச்சு மிஷனரிகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தார்கள், பழைய சமயமான 'அலுக் தோ தோலோ' சுருங்கிப்போனது, ஆனால் சாவுச்சடங்கு மட்டும் அசைந்து கொடுக்கவில்லை. ஜெபமும் நடக்கும், எருமையும் விழும். இதில் ஒரு வேடிக்கை, மிச்சமிருந்த பழைய சமயத்தை 1969இல் இந்தோனேசிய அரசு இந்து மதத்தின் ஒரு பிரிவாகச் சேர்த்துக்கொண்டது. அப்போது அங்கே அரசு ஏற்ற மதம் ஏதாவது ஒன்றில் பெயர் இருந்தாக வேண்டியிருந்தது, அதற்காகச் செய்த ஏற்பாடு.

இளவட்டங்களில் நிறையப் பேர் பிழைக்க வெளியூர்களுக்குப் போய்விட்டார்கள், கலிமந்தான், பப்புவா என்று. அவர்கள் பணம் அனுப்ப வேண்டும், லீவு கிடைத்து வந்து சேர வேண்டும், அண்ணன் தம்பிகள் எத்தனை எருமை என்று பேசி முடிக்க வேண்டும். அதுவரை அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான்.