பெரியம்மா தோளுக்கு ஒரு தொரட்டி

பினாங்கின் பாலேக் பூலாவில் என் பெரியம்மாவுக்கு முப்பத்தெட்டு மங்குஸ்தீன் மரங்கள் இருக்கின்றன. பெரியப்பா போன பிறகு அவர் ஒருவராகத்தான் பார்த்துக்கொள்கிறார். ஏணி ஏறும் வயது இல்லை. மூங்கில் கம்பில் கம்பிக் கொக்கி கட்டி இழுப்பார், கீழே விழுவதைப் பொறுக்குவார். மங்குஸ்தீனுக்கு இது ஆகவே ஆகாது. ஒரு முழ உயரத்திலிருந்து விழுந்தாலே, அடிபட்ட இடத்தில் தோல் கல்லாக இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு அமுக்கினாலும் பழம் திறக்காது, உள்ளே சுளையும் கெடும். வாங்க வரும் வியாபாரி ஒவ்வொன்றாக அமுக்கித்தான் எடுப்பார். போன சீசனில் ஒரு கூடையில் மூன்றில் ஒரு பங்கை அவர் ஒதுக்கித் தள்ளியபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் டூல் ரூமில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். அச்சும் வெட்டுக்கருவியும் செய்வதுதான் பிழைப்பு. ஒரு தொரட்டி செய்ய முடியாதா என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். நான்கு மாதம் ஆனது.

முதலில் செய்தது நாலு அங்குல பிவிசி குழாய்த் துண்டு. வாயில் ஒரு வி வடிவ வெட்டு, அடியில் வலை. காம்பை வெட்டில் மாட்டித் திருகினால் பழம் உள்ளே விழும். விழுந்தது, ஆனால் பாதிப் பழங்களில் மேலே இருக்கும் பச்சைக் குல்லாய் கிழிந்துவிட்டது. அந்த இதழ்கள் பச்சையாக, முழுசாக இருந்தால்தான் பழம் புதிது என்று வாங்குபவர் நம்புவார். ஆகவே திருகக் கூடாது, காம்பை வெட்ட வேண்டும்.

இரண்டாவதில் என் தொழில் திறமை முழுவதையும் காட்டினேன். பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் ஒரு துண்டு அறுத்து, காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்தேன். பளபளவென்று தேய்த்துவிட்டு மறுபடி மெதுவாகச் சூடுகாட்டினேன். வைக்கோல் நிறம் விளிம்பை நோக்கி ஊர்ந்து வரும், அது விளிம்பைத் தொடும் நொடியில் தண்ணீரில் போட வேண்டும். அந்த நிறத்துக்காகக் கண்ணிமைக்காமல் காத்திருப்பது எனக்கு எப்போதும் பிடிக்கும். கயிற்றை இழுத்தால் மூடும் கத்தரிக்கோல் மாதிரி இரண்டு அலகு, ஒரு ஸ்பிரிங். காம்பு வெண்ணெய் மாதிரி அறுந்தது.

பெரியம்மா பத்து நிமிடம் பிடித்துவிட்டுக் கீழே வைத்தார். பக்கத்துத் தோட்டத்து மலாய் மாமா, பாக் சிக், வாங்கி ஒரு மரத்தில் முயன்று பார்த்தார். "பெராட் லா," என்றார். கனம். தலைப்பகுதி எண்ணூறு கிராம். தரையில் வைத்து எடைபோட்டபோது எனக்கு அது ஒன்றுமே இல்லாததாகத் தெரிந்தது. நாலு மீட்டர் கம்பின் நுனியில் அந்த எண்ணூறு கிராம் இருந்து, கம்பு பாதி சாய்ந்தால், கைகளை இரண்டடி இடைவெளியில் வைத்திருப்பவரின் மேல் கைக்கு அதுவே மூன்று கிலோவுக்கு மேல் தெரியும். கம்பின் எடை வேறு. கணக்கு எனக்குத் தெரியும், ஆனால் நான் போட்டுப் பார்க்கவில்லை. கயிறு வேறு கிளைகளில் சிக்கிக்கொண்டே இருந்தது.

கனத்தைவிடப் பெரியம்மா கேட்ட கேள்விதான் என்னை வீட்டுக்குத் திரும்பும்வரை, தெலுக் கும்பார் இறங்கும் மலைப் பாதை முழுக்கத் துளைத்தது. "தம்பி, இது முறிஞ்சா நான் எங்கே போய் வாங்குறது?" என்னிடம்தான் வர வேண்டும். நான் இரவு வேலையில் இருந்தால்? பழம் ஒரு நாள் காத்திருக்காது.

சரி என்று எல்லாவற்றையும் கழற்றிப் போட்டேன். ஊர் ஹார்ட்வேர் கடையில் இல்லாத எதையும் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தேன். கத்திக்கு ஆக்சா பிளேடு. சாதாரண வளையும் பிளேடில் பல் உள்ள விளிம்பு மட்டும்தான் கடினமாக இருக்கும், முதுகு மெதுவானது. முதலில் இதைக் கவனிக்காமல் முதுகைத் தீட்டினேன், ஒரே நாளில் மழுங்கியது. பல்லைத் தேய்த்து அந்த விளிம்பிலேயே கூர் வைத்தால் நிற்கிறது. கிரைண்டரில் இரண்டு நொடி, உடனே தண்ணீர், மறுபடி இரண்டு நொடி. நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடம் இளகிவிட்டது, வெட்டி எறிய வேண்டியதுதான். கிரைண்டர் இல்லாதவர் எண்ணெய்க் கல்லில் தேய்க்கலாம், நேரம் பிடிக்கும்.

இரண்டு பிளேடுத் துண்டுகளைக் குழாயின் வாயில் வி வடிவில் வைத்து, இரண்டு பட்டர்பிளை நட் போட்டு இறுக்கினேன். ஸ்பேனர் வேண்டாம், விரல் போதும். கயிறும் இல்லை, ஸ்பிரிங்கும் இல்லை. காம்பை உள்ளே விட்டுக் கம்பைக் கீழே இழுத்தால் வெட்டுகிறது. தலைப்பகுதி இருநூற்றுப் பத்து கிராம். மூங்கில் தோட்டத்திலேயே இருப்பதால் செலவு இருபத்திரண்டு வெள்ளி (ரிங்கிட்). மூங்கில் முற்றியதாக இருக்க வேண்டும், இளசு காய்ந்தால் சுருங்கி நட் தளர்ந்துவிடும், வண்டும் துளைக்கும். நான் நிழலில் நிறுத்திவைத்து உலர்த்தினேன்.

அலுமினியக் கம்பு இன்னும் லேசுதான், எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். பெரியம்மா வீட்டுக்குப் போகும் மின்கம்பி மரங்களுக்கு நடுவில்தான் போகிறது. அதனால் நான் செய்து தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நனைந்த மூங்கிலிலும் மின்சாரம் பாயும் என்பதால் கம்பியருகே இருக்கும் நாலு மரங்களை நானே சனிக்கிழமை போய்க் கவாத்து செய்து தாழ்த்தினேன்.

வலைதான் கடைசிச் சிக்கல். மூன்று பழம் மட்டும் கொள்ளும்படி தைத்திருந்தேன். ஒவ்வொரு தடவையும் இறக்க வேண்டியிருக்கிறதே என்று பெரியம்மாவும் பாக் சிக்கும் குறைப்பட்டார்கள். பெரிதாக்கிக் கொடுத்தேன், எட்டுப் பழம் பிடித்தது. ஒரு பழம் நூறு கிராம் என்றால் எட்டு சேர்ந்தால் என்ன ஆகும்? பழைய எண்ணூறு கிராம் திரும்பி வந்துவிட்டது! அதோடு ஒரு பழத்தின் காம்பு இன்னொரு பழத்தைக் குத்தியது. ஒரு வாரத்தில் பெரியம்மாவே வலையை மடித்து ஊசியால் தைத்து மூன்று பழத்துக்குக் குறுக்கிவிட்டார். குழாயின் உள்சுவரில் பழைய ஜப்பான் செருப்பின் ரப்பரை ஒட்டியதும் அவர்தான். எனக்குத் தோன்றவே இல்லை.

இந்த சீசனில் ஜூலை மாதம் அதே வியாபாரி வந்தார். முதல் கூடையில் பதினொரு பழங்களை ஒதுக்கினார். அவற்றில் ஏழு தானாக விழுந்தவை, தெரியாமல் கலந்துவிட்டதாகப் பெரியம்மா சொன்னார்.

போன வாரம் தொலைபேசியில் கூப்பிட்டார். பிளேடு ஒன்று முறிந்துவிட்டதாம். நான் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பப் போனேன். "நீ வரவேண்டாம்பா, கடைக்குப் போய் வாங்கி மாத்திட்டேன். பாக் சிக்குக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்தேன்," என்றார்.