பழைய பிக்கப்புல ஃபாக் லைட் மாட்டுனேன், ரிலே வச்சு செஞ்சுது

வண்டி 2007 மாடல் டீசல் பிக்கப், அப்பா காய் லோடு அடிச்ச வண்டி, இப்ப ஞாயித்துக்கிழமை ஆனா எனக்கு அதான் பொழுதுபோக்கு. மார்கழில வத்தலகுண்டுலேர்ந்து கொடைக்கானல் ஏறிப் பாத்தவங்களுக்குத் தெரியும், பனி இறங்குச்சுன்னா ரோட்டோரக் கோடே கண்ணுக்குத் தெரியாது. அதான் 55 வாட் ஹாலஜன் ஃபாக் லைட் ரெண்டு வாங்கி நானே மாட்டிரலாம்னு இறங்குனேன்.

பானட்ட தூக்குனா மொதல்ல பழைய பாவத்தத்தான் கழுவ வேண்டியிருந்துச்சு. முன்ன எப்பவோ டபுள் ஹாரன் மாட்டுனப்ப அந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் "தம்பி, ஃப்யூஸ் போட்டா அடிக்கடி போவும், நேரா குடுத்துருவோம்"னாரு, நானும் மண்டைய ஆட்டுனேன். இப்ப அந்த செவப்பு வயர மடக்குனா இன்சுலேஷன் அப்பளம் மாதிரி ஒடியுது, ஜாயிண்ட்ல வெறும் டேப்பு, அதுவும் எண்ணெய்ல ஊறி பிசுபிசுன்னு உரிஞ்சு தொங்குது. எல்லாத்தையும் வெட்டிப் போட்டேன்.

கணக்கு சிம்பிள்தான். ரெண்டும் சேத்து 110 வாட், 12 வோல்ட்டுக்கு 9 ஆம்பியர் சொச்சம், 2.5 ஸ்கொயர் எம்எம் வயர், 15 ஆம்ப் ஃப்யூஸ். ஃப்யூஸ் பேட்டரிலேர்ந்து ஒரு சாணுக்குள்ள இருக்கணும், ஏன்னா அதுக்கு முன்னாடி வயர் எங்கயாவது உரசி பாடில பட்டா காப்பாத்த ஆளில்ல. ரிலேங்கறது சின்ன டப்பா, சுவிட்ச போட்டா உள்ள இருக்க காயில் (கம்பிச்சுருள்) காந்தமாகி லைட்டுக்கான பெரிய கரண்ட சேத்து விடும். அதோட பின் நம்பர்ல 30 பேட்டரி, 87 லைட்டு, 86 சுவிட்ச், 85 எர்த். அஞ்சு பின் ரிலேன்னா நடுவுல இருக்க 87ஏ-ல குடுத்துராதீங்க, சுவிட்ச ஆஃப் பண்ணா லைட்டு எரியும் (மச்சான் வண்டில நடந்துச்சு, சிரிச்சு முடியல). சுவிட்ச் வயர கேபினுக்குள்ள கொண்டு போக ஆக்சிலேட்டர் கேபிள் வர்ற ரப்பர் ஓட்டைலயே பழைய சைக்கிள் பிரேக் கம்பிய விட்டு இழுத்தேன், அதுக்கே அரை மணி நேரம்.

மாட்டி போட்டுப் பாத்தா ரெண்டும் மஞ்சளா, கார்த்திகை விளக்கு மாதிரி எரியுது. இஞ்சின் ஓடுறப்ப பேட்டரில 14.1 வோல்ட், லைட்டுகிட்ட 11.8. மீட்டரோட ஒரு முனைய பேட்டரி நெகட்டிவ்ல, இன்னொன்ன லைட்டு எர்த் வயர்ல வச்சா 2 வோல்ட் காட்டுது, அதாவது கரண்ட் லைட்டுக்குப் போற வழி சரி, எர்த் வழியா பேட்டரிக்குத் திரும்பி வர்ற வழிதான் அடைப்பு. எர்த்த பம்பர் பிராக்கெட் போல்ட்ல குடுத்திருந்தேன், அதுக்கடியில பெயிண்ட் மேல பெயிண்டா மூணு கோட்டு. உப்புத்தாள் போட்டு பளபளன்னு தேய்ச்சு, பல்லு வாஷர் வச்சு முறுக்கி, மேல வாசலின் தடவுனதும் லைட்டுல 13.6 வந்துருச்சு, வெளிச்சம் வெள்ளையாயிருச்சு.

அதோட விட்டுச்சா. ஒரு லைட்டுக்குள்ள மழத்தண்ணி போய் ரெண்டையும் கழட்டிட்டு, லைட்டு ஃப்யூஸையும் புடுங்கிட்டு, பதினோரு நாள் வண்டியத் தொடல. வந்து சாவி போட்டா டிக் டிக்னு சத்தம் மட்டுந்தான். பேட்டரிய சார்ஜ் ஏத்தி, நெகட்டிவ கழட்டி நடுவுல மீட்டர குடுத்துப் பாத்தா 190 மில்லி ஆம்ப் போகுது. ரிலேய தொட்டேன், கோழி முட்டை மாதிரி வெதுவெதுன்னு இருந்துச்சு! சுவிட்ச் ஆன்லயே கெடந்திருக்கு, லைட்டு இல்லாததால தெரியல, நான் சுவிட்சுக்கு கரண்ட நேரா பேட்டரிலேர்ந்து வேற குடுத்திருந்தேனா, ரிலே காயில் மட்டும் ராப்பகலா கரண்ட் இழுத்திருக்கு. ரிலேய உருவுனா 30 மில்லி ஆம்ப்தான், அது பாட்டு செட்டு மெமரிக்கு.

இப்ப சுவிட்சுக்கு கரண்ட் சாவி ஆன் பண்ணா மட்டும் வர்ற வயர்லேர்ந்து, நடுவுல 3 ஆம்ப் ஃப்யூஸ். அடுத்து லோடு பாடிக்குள்ள ஒரு லைட்டு போடணும், வயர சேஸிஸ் ஓரமா, சைலன்சர் இல்லாத பக்கமா இழுக்கணும், மச்சான் டார்ச் புடிக்க வர்றேன்னு சொல்லிருக்கான், வந்தாத்தான்.