பட்டியலில் இல்லாத ஆறு குடிசைகள்

2007-இல் விழுப்புரம் மாவட்டத்தில் புது வாழ்வுத் திட்டத்தின் களப்பணிக்குச் சேர்ந்தேன். உலக வங்கி உதவியோடு 2005-இல் தொடங்கிய வறுமை ஒழிப்புத் திட்டம் அது. பிறகு அணித் தலைவராகி, வேறு திட்டங்களையும் நடத்தினேன். ஆனாலும் இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் கேட்டால், முதல் ஊரில் நடத்திய மக்கள் நிலை ஆய்வைப் பற்றித்தான் சொல்வேன்.

யார் ஏழை என்பதை ஊர் மக்களே கூடிப் பேசி முடிவு செய்வதுதான் அந்த ஆய்வு. அதற்கு முன் 2002 வறுமைக்கோட்டுக் கணக்கெடுப்பில் 13 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 4 வரை மதிப்பெண், மொத்தம் 52. கூட்டிப் பார்த்து ஏழை என்றோ இல்லை என்றோ எழுதினார்கள். ஊரைக் கேட்டு எழுதுவது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

முதல் கூட்டத்தைக் காலை பதினொரு மணிக்கு மாரியம்மன் கோயில் முன்னால் வைத்தேன். வந்தவர்கள் எல்லாரும் ஊர்த்தெரு ஆண்கள். காலனிப் பெண்கள் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். அங்கிருந்து வந்த நாலைந்து பேரும் தள்ளி, வேப்பமரத்தடியிலேயே நின்றார்கள். வீடுகளைக் குறிக்கும் ஊர் வரைபடம் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. அதில் காலனியின் குரல் இல்லை. தவறு என்னுடையது. நேரமும் இடமும் நான் தேர்ந்தெடுத்தவை.

மறுபடி, இரவு ஏழு மணிக்குக் காலனியில் உட்கார்ந்தோம். பெண்களே கோலமாவில் தெருக்களைப் போட்டார்கள். எல்லாம் முடிந்ததும் ஒரு ஆயா குனிந்து பார்த்துவிட்டு, "ஏரிக்கர ஓரம் ஆறு குடிச இருக்குதே, அது எங்கம்மா?" என்றார்.

இருளர் குடும்பங்கள். ரேஷன் கார்டு இல்லை, பட்டா இல்லை. அதனால் நாங்கள் கையில் வைத்திருந்த எந்தக் காகிதத்திலும் அவர்கள் இல்லை. விடியுமுன் கரும்பு வெட்டப் போய்விடுவார்கள். இருட்டிய பிறகு போய்த்தான் பார்க்க முடிந்தது.

மிகவும் ஏழை யார் என்று கேட்டபோது பெண்கள் சொன்ன அடையாளங்களை இன்றும் மறக்கவில்லை. ராத்திரி மட்டும் உலை வைக்கிற வீடு. மழை வந்தால் அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போகிற வீடு. கல்யாணத்துக்குப் பாக்கு வைக்க யாரும் வராத வீடு. இந்தக் கடைசி ஒன்றை எந்தப் படிவத்திலும் நான் பார்த்ததில்லை.

பட்டியல் கிராம சபைக்குப் போகுமுன் நெருக்கடி வரும். வீட்டுக்கு வந்து பெயர் சேர்க்கச் சொல்வார்கள். யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். சபையில் ஒவ்வொரு பெயரையும் சத்தமாகப் படியுங்கள். எங்கள் சபையில் வசதியான ஒருவருடைய பெயரைப் படித்ததும், "அவருக்கு மோட்டார் கொட்டகை இருக்குதே" என்று ஒரு பெண் எழுந்து சொன்னார். பெயர் அங்கேயே நீங்கியது. அந்தப் பெயரை நாங்களே அடித்திருந்தால் அந்த ஊரில் ஒரு வாரம்கூட வேலை செய்திருக்க முடியாது.

ஏரிக்கரைக் குடும்பங்களின் பெயர்களைப் படித்தபோது அவர்கள் கடைசி வரிசையில் நின்றிருந்தார்கள். கிராம வறுமை ஒழிப்புச் சங்கம் வழியாகக் கடனுதவி சீக்கிரமே கிடைத்தது. பழங்குடிச் சாதிச் சான்றுக்குத்தான் இரண்டு வருடம் அலைந்தோம். முதல் சான்று கிடைத்தது பத்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு. அவளுடைய அம்மா அதை வாங்கி, மஞ்சள் பையில் போட்டு, நனையாமல் இருக்கக் கூரையில் செருகி வைத்தார்.