மான்மோர் கிரீனின் கடைசி சீசன்

ஸ்பீட்வே என்பது மண் தடத்தில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம். அதன் பிரிட்டிஷ் லீக்கான பிரீமியர்ஷிப்பில், 2023-இல் இப்ஸ்விச்சை வீழ்த்திக் கோப்பையை வென்றது ஷெஃபீல்ட் டைகர்ஸ். தகுதியான வெற்றிதான். ஆனால் நான் வுல்வர்ஹாம்ப்டன் ரசிகன். அந்த சீசனோடு எங்கள் தடமான மான்மோர் கிரீனில் ஸ்பீட்வே நின்றுபோனது. 1928-இல் பந்தயம் தொடங்கிய இடம்! பீட்டர்பரோ அணியும் அதே ஆண்டு தன் தடத்தை இழந்தது.

பிரேக் கிடையாது, ஒரே கியர், மெத்தனாலில் ஓடும் 500 சிசி எஞ்சின். ஒரு ஹீட்டுக்கு, அதாவது ஒரு ஓட்டத்துக்கு, நாலு வீரர்கள், நாலு சுற்று. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். பின்சக்கரத்தை வழுக்கவிட்டே வளைவில் திரும்புவார்கள். வளைவோரம் நின்றால் சட்டையெல்லாம் ஷேல் தூசி, தடத்தில் பரப்பியிருக்கும் கல்பொடி. அதற்காகவே அங்கே போய் நிற்பேன்.

இப்போது மான்செஸ்டருக்கு ரயிலேறி பெல் வியூ அணியின் தடத்துக்குப் போகிறேன். தடம் அருமை, சரி. ஆனால் நம்ம அணி இல்லாமல் 15 ஹீட்டும் பார்ப்பது கஷ்டமாகத்தான் இருக்கிறது.