24 கை

ஜனவரி 6
நீச்சல் குளத்தில் 25 மீட்டருக்கு 24 கைவீச்சு, அதாவது 24 கை, 30 வினாடி. பக்கத்து லேனில் எழுபது வயதிருக்கும் ஒரு பாட்டி 17 கையில் போய்ச் சேர்ந்துவிட்டு எனக்காகக் காத்திருப்பது போல நிற்கிறாள். கடிதம் இல்லை.

ஜனவரி 8
கோச் போனில் எடுத்த வீடியோவைப் பார்க்காமலே இருந்திருக்கலாம். மூச்சு எடுக்கும்போதெல்லாம் தலை முழுசாக வெளியே வருகிறது. தலை ஏறினால் இடுப்பு இறங்குகிறது, பின்னால் கால் இரண்டும் தொங்கிக்கொண்டு வருகின்றன. இடது கை வேறு நடுக்கோட்டைத் தாண்டி வலப்பக்கம் விழுகிறது. உடம்பு பாம்பாக நெளிகிறது. நானோ தோளில் பலம் போதவில்லை என்று தினமும் ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தேன். வேகம் இரட்டிப்பானால் தண்ணீரின் இழுவை ஏறக்குறைய நான்கு மடங்காம். பலத்தைக் கூட்டுவதைவிட இழுவையைக் குறைப்பது மலிவு என்றார் கோச். அந்த 'மலிவு' பிடித்திருந்தது.

ஜனவரி 9
கடிதம் இல்லை. நீந்தவில்லை.

ஜனவரி 13
அப்பாவும் கூட வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவருக்கு நீந்தத் தெரியாது. டர்பன் கடற்கரையில் எந்த மணலில் யார் கால் வைக்கலாம் என்று பலகை நட்டிருந்த காலத்து மனிதர். தென்னாப்பிரிக்காவில் 1953-ல் வந்த அந்த நிறப்பிரிவினைச் சட்டம் 1990-ல்தான் போனது. அப்போது அவருக்கு நாற்பது. "அதுக்கு மேலே எதுக்கும்மா" என்பார். ஆனால் டிவியில் நீச்சல் வந்தால் எழுந்திருக்க மாட்டார். லண்டன் 2012 ஒலிம்பிக்கில் நம்ம ஊர் சாட் லே க்ளோஸ் அமெரிக்காவின் ஃபெல்ப்ஸை 0.05 வினாடியில் முந்தியதை நேற்று நடந்தது போலச் சொல்வார்.
நான் ஏறி வந்ததும், "இருபத்தஞ்சு. இடது கை இன்னும் கோணல்தான்" என்றார். இவரை யார் எண்ணச் சொன்னது?

ஜனவரி 17
மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுக்கொண்டிருக்க வேண்டும். நான் அடக்கி வைத்துவிட்டு, முகம் வெளியே வந்த அந்தக் கணத்தில் விடவும் இழுக்கவும் பார்க்கிறேன். இன்று உடம்போடு சேர்த்துத் தலையை உருட்டினேன், ஒரு கண் தண்ணீருக்குள்ளேயே. நான்கு நீளம் சரியாக வந்தது. ஐந்தாவதில் கடித நினைப்பு. பாதிக் குளம் வயிற்றுக்குள்.

ஜனவரி 20
19 கை!! வரும் வழியில் பீன்ஸ் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் குழம்பு) வாங்கிக் காரிலேயே தின்றேன்.

ஜனவரி 21
19 கைக்கு 35 வினாடி. நேற்று கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. கையை முன்னால் நீட்டிக்கொண்டு சும்மா மிதந்திருக்கிறேன். ஒவ்வொரு கைக்கும் நின்று நின்று மறுபடி கிளம்பியிருக்கிறேன். கையையும் வினாடியையும் கூட்டிப் பார், அது குறைந்தால்தான் முன்னேற்றம் என்றார் கோச். அன்று 24-உம் 30-உம் 54. இன்று 19-உம் 35-உம், அதே 54. இரண்டு வாரம்!

ஜனவரி 22
வலது தோள் வலி. உள்ளங்கையில் பேடில் (துடுப்புத் தகடு) மாட்டி நீந்தியதற்குக் கூலி.

ஜனவரி 25
முஷ்டி மூடி நீந்தச் சொன்னார்கள். முதலில் நின்ற இடத்திலேயே நின்றேன். அப்புறம் முழங்கையை மேலேயே நிறுத்தி, முன்கையைச் செங்குத்தாகக் கீழே இறக்கியதும் ஏதோ பிடிபட்டது. இத்தனை நாள் உள்ளங்கையால் தண்ணீரைத் தடவிக்கொண்டிருந்தேன் போல. கடைசியில் விரலைத் திறந்ததும் கை தாம்பாளமாகிவிட்டது. 21 கை, 29 வினாடி. 50.
அப்பா "மழை வரும், போலாம்" என்று மட்டும் சொன்னார்.

ஜனவரி 27
மிட்மார் ஏரியில் ஒரு மைல் நீச்சல் பந்தயம் வருகிறது. 1609 மீட்டர், நடுவில் தொட்டு நிற்கச் சுவர் கிடையாது. அதற்குள் கடிதம் வந்துவிட்டால் போவதா?

ஜனவரி 28
வந்திருக்கிறது. மேஜையில், உப்பு ஜாடிக்கு அடியில். அப்பா தொப்பி போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார். நீந்திவிட்டு வந்து பிரிக்கிறேன்.